முழங்கால் அடியும் அதன் பின்விளைவுகளும்: அமெரிக்க முன்னாள் படைவீரர்களுக்கான இழப்பீடு

அமெரிக்க ராணுவத்தில் பாராசூட் வீரராக இருந்து வலது முழங்காலைக் கெடுத்துக்கொண்ட ஒருவருக்கு, பணி முடிந்து வந்த பிறகு 10% குறைபாடு என்று அரசு தீர்மானிக்கிறது. அதற்கு 2025-இல் மாதம் 175 டாலர் 51 சென்ட் வந்தது. 2024 டிசம்பர் 1-இல் நடைமுறைக்கு வந்த தொகை அது, வரி கிடையாது. பெரும்பாலானவர்கள் கதை இத்தோடு முடிந்தது என்று வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். பத்துப் பதினைந்து வருடம் போனால் இடது முழங்காலும் நோக ஆரம்பிக்கிறது. முதுகு பிடித்துக்கொள்கிறது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கிக் குதிகாலை ஊன்ற முடிவதில்லை. ‘இதெல்லாம் ராணுவத்தில் வந்ததில்லையே, வயசாகிறது’ என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொள்கிறார்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பணியில் வந்ததென்று ஒப்புக்கொள்ளப்பட்ட ஒரு குறைபாடு இன்னொரு நோயை உண்டாக்கினால், அந்த இரண்டாவது நோய்க்கும் இழப்பீடு உண்டு. முன்னாள் படைவீரர் நலத்துறையின் விதித் தொகுப்பில் 3.310 என்ற பிரிவு இதைத்தான் சொல்கிறது. இந்தத் துறையை அங்கே எல்லாரும் விஏ என்றுதான் சொல்கிறார்கள். இந்த விண்ணப்பத்துக்குப் பேச்சு வழக்கில் செகண்டரி கிளெய்ம் என்று பெயர்.

அமெரிக்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கும் இது முற்றிலும் அந்நியமான விஷயமில்லை. 2008 இறுதியில் அறிவிக்கப்பட்ட மாவ்னி என்ற ஆள்சேர்ப்புத் திட்டத்தில், ராணுவத்துக்குத் தேவையான மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது. அதன் வழியாகச் சேர்ந்தவர்களும், அங்கேயே பிறந்து படையில் சேர்ந்த பிள்ளைகளும் இன்று முன்னாள் படைவீரர்கள்.

செகண்டரி கிளெய்முக்கு மூன்று விஷயங்கள் வேண்டும். இரண்டாவது நோய் இப்போது இருக்கிறது என்று மருத்துவர் உறுதி செய்திருக்க வேண்டும். முதல் குறைபாட்டை, இங்கே முழங்காலை, விஏ ஏற்கெனவே ஏற்றிருக்க வேண்டும், அல்லது கூடவே ஏற்க வேண்டும். இரண்டுக்கும் நடுவிலுள்ள தொடர்பை ஒரு மருத்துவக் கருத்து நிறுவ வேண்டும். வேண்டாத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். முதுகுவலி ராணுவத்தில் இருந்தபோதே இருந்தது என்று காட்டத் தேவையில்லை. பலர் இருபது வருடத்துக்கு முந்தைய ராணுவ மருத்துவக் கோப்பில் முதுகைத் தேடித் தேடிக் கிடைக்காமல், விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். தேட வேண்டிய இடமே அது இல்லை. பணியிலிருந்து வந்தபிறகு எழுதப்பட்ட பிசியோதெரபி குறிப்புகளிலும் எலும்பு மருத்துவரின் குறிப்புகளிலும்தான் அந்தத் தொடர்பு கிடக்கிறது.

முழங்கால் எங்கெல்லாம் போய்த் தொடுகிறது? எளிதில் புரிவது நடை. வலிக்கிற காலில் பாரம் போடாமல் மற்றக் காலில் சாய்ந்து நடப்பவருக்கு இடுப்பெலும்பு ஒரு பக்கம் சரிகிறது, கீழ்முதுகு அதை ஈடுகட்டப் பார்க்கிறது. இப்படித்தான் முதுகு, இடுப்பு மூட்டு, கணுக்கால், குதிகால் எல்லாம் விண்ணப்பத்துக்குள் வருகின்றன. முதுகு கெட்டு நரம்பு அழுந்திவிட்டால், காலில் இறங்கும் நரம்புவலியையும் தனியாகக் கணக்கிடுவார்கள். சங்கிலியின் இரண்டாவது கண்ணியில் மூன்றாவது கண்ணியை மாட்டவும் விதி இடம் தருகிறது.

மற்ற முழங்கால் விஷயத்தில் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். ‘ஒரு கால் கெட்டால் இன்னொன்றும் கெடும்’ என்பது பொதுப்புத்திக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் மருத்துவர்கள் எல்லாரும் இதை ஏற்பதில்லை. லேசாக நொண்டுவது மட்டும் எதிர்க்காலின் மூட்டைத் தேய்த்துவிடாது என்று எழுதி மறுக்கும் விஏ பரிசோதகர்கள் நிறையப் பேர். அதனால் எத்தனை வருடம், எவ்வளவு கடுமையாக நடை மாறியிருந்தது, கைத்தடியோ மூட்டுப்பட்டையோ எப்போதிலிருந்து உபயோகித்தார் என்ற விவரங்கள் இல்லாத விண்ணப்பம் இங்கே எளிதில் விழுந்துவிடும்.

இன்னொரு வழி, விழுவது. முழங்கால் திடீரென்று மடங்கிப் படிக்கட்டில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டால், அந்த மணிக்கட்டும் செகண்டரிதான். ஆனால் அவசர சிகிச்சைப் பிரிவில் எழுதப்பட்ட தாளில் ‘படியில் தவறி விழுந்தார்’ என்று மட்டும் இருந்தால் வழக்கு பாதி போயிற்று. ‘வலது முழங்கால் மடங்கியதால் படியில் விழுந்தார்’ என்று இருந்தால் நின்றுவிடும். வித்தியாசம் ஒரே ஒரு சொற்றொடர்தான். வலியோடு உட்கார்ந்திருக்கும்போதே நர்ஸிடம் அதைச் சொல்லி எழுதச் செய்ய வேண்டும்.

மாத்திரைகள் அடுத்தது. இபுப்ரோஃபென், நாப்ராக்ஸென் போன்றவற்றை வருடக்கணக்கில் விழுங்கினால் வயிற்றுப்புண் வரலாம், சிறுநீரகமும் அடிவாங்கலாம். மூட்டுக்காகக் கொடுத்த மருந்தின் பக்கவிளைவு மூட்டின் கணக்கிலேயே ஏறும். நெஞ்செரிச்சல் நோய்க்கு மட்டும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. 2024 மே 19 முதல் மாறிய விதிகளில், உணவுக்குழாய் சுருங்கியிருப்பதாகப் பதிவு இல்லாவிட்டால் 0%-க்கு மேல் போவது அரிது. 0% என்றால் பணம் வராது. ஆனாலும் தொடர்பு ஏற்கப்பட்டதாகும், பின்னால் மோசமானால் உயர்வு கேட்கலாம்.

மனம் கடைசியில் வைத்துப் பேசப்படுகிறது. என் பார்வையில் அது முதலில் வர வேண்டியது. ஓடியாடித் திரிந்த ஆள் பிள்ளையோடு பந்து விளையாட முடியாமல், தூக்கம் கெட்டு, வேலையை விட்டு, வீட்டுக்குள் முடங்குவது முழங்கால் வலி நீண்டவர்களிடம் சாதாரணம். மனச்சோர்வு என்று மருத்துவர் உறுதி செய்து, அது தீராத வலியால் வந்தது என்று எழுதினால் 10, 30, 50, 70 என்று ஏற வழி உண்டு. முழங்காலையே வைத்து அந்த அளவுக்கு ஏறுவது மிகக் கடினம். பிடிஎஸ்டி எனும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய்க்கு ஏற்கெனவே ரேட்டிங், அதாவது குறைபாட்டுச் சதவீதம், வாங்குபவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: மன நோய்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ரேட்டிங்தான். மனச்சோர்வுக்கு இன்னொன்று கிடைக்காது. இருப்பதை உயர்த்திக் கேட்கலாம்.

உடல் பருமனின் கதை கொஞ்சம் சுற்றுவழி. பருமனை ஒரு நோயாக விஏ ஏற்பதில்லை. அதற்கு நேரடியாக இழப்பீடு கிடையாது. ஆனால் 2017-இல் அத்துறையின் தலைமைச் சட்ட ஆலோசகர் கொடுத்த கருத்து, பருமனை நடுவில் ஒரு படியாக வைத்துக்கொள்ள இடம் கொடுத்தது. முழங்கால் வலியால் அசைய முடியாமல் எடை ஏறியது. ஏறிய எடை ரத்தக் கொதிப்புக்கோ தூக்கத்தில் மூச்சடைக்கும் ஸ்லீப் ஆப்னியாவுக்கோ முக்கியக் காரணமானது. எடை ஏறாதிருந்தால் அது வந்திருக்காது. இந்த மூன்றையும் மருத்துவர் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். மூச்சுக்குக் காற்றழுத்தம் தரும் சிபாப் கருவி தேவைப்படும் ஆப்னியாவுக்கு 50% தரும் விதி இருப்பதால் இந்த வழியில் கூட்டம் அதிகம், மறுப்பும் அதிகம். அடிபட்ட காலத்திலிருந்து வருடாவருடம் பதிவான எடையை வரிசையாகக் காட்டாமல் இது நடக்காது. அடிபடுவதற்கு முன்பே எடை ஏறத் தொடங்கியிருந்தால் அந்த வரிசையே எதிர்சாட்சி ஆகிவிடும்.

இதுவரை பேசியது முழங்கால் உண்டாக்கிய நோய்களைப் பற்றி. சட்டத்தில் இரண்டாவது வாசல் ஒன்று இருக்கிறது, பலர் அதைத் தட்டுவதே இல்லை. முதுகு தேய்மானம் தனக்குத்தானே வந்ததாகவே இருக்கட்டும்; முழங்கால் அதை மோசமாக்கியிருந்தால், மோசமான அந்த அளவுக்கு இழப்பீடு உண்டு. 1995-இல் ஆலன் எதிர் பிரவுன் என்ற வழக்கில் முன்னாள் படைவீரர்களின் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைச் சொன்னது; 2006-இல் விதியிலும் எழுதப்பட்டது. எழுதும்போது விஏ ஒரு நிபந்தனையைச் சேர்த்துக்கொண்டது: மோசமாவதற்கு முன் நிலை என்ன என்று காட்டும் மருத்துவச் சான்று வேண்டும். முதுகு முன்பு 10% அளவில் இருந்து இப்போது 20% ஆகியிருந்தால், கழித்தது போகக் கிடைப்பது 10%. வயதால் இயல்பாக ஏறியதையும் கழிப்பார்கள்.

மறுப்புக் கடிதங்களில் அடிக்கடி வரும் ஓட்டை இந்த இடத்தில்தான் இருக்கிறது. ‘முதுகு முழங்காலால் வந்ததல்ல’ என்று பரிசோதகர் எழுதுவார். ‘மோசமாக்கியதா’ என்ற கேள்விக்குப் பதிலே இருக்காது. 2013-இல் எல்-அமீன் எதிர் ஷின்செக்கி வழக்கில், ‘தொடர்பில்லை’ என்று பொதுவாக எழுதினால் மோசமாக்குதலுக்கும் பதில் சொன்னதாக எடுத்துக்கொள்ள முடியாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடிதம் கையில் வந்ததும் முதலில் தேட வேண்டியது இதைத்தான்.

2023-இல் மேல்நிலை கூட்டாட்சி நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. ஸ்பைசர் எதிர் மெக்டொனா வழக்கில் முழங்கால்தான் இரண்டாவது நோய். விமானப்படையில் ரசாயனங்களோடு புழங்கியதால் ரத்தப் புற்றுநோய் வந்ததாக ஏற்கப்பட்டவர் அவர். முழங்கால் தேய்மானம் அதனால் வந்ததில்லை. மூட்டு மாற்று அறுவைக்கு நாள் குறித்த பிறகு, புற்றுநோய் மருந்தால் ரத்த அளவு இறங்கி அறுவை நின்றுபோனது. புற்றுநோய் முழங்காலைத் தொடவில்லை, மோசமாக்கவும் இல்லை, அதைச் சரிசெய்ய முடியாமல் தடுத்தது, அவ்வளவுதான். கீழ் நீதிமன்றம் மறுத்ததை மேல்நிலை நீதிமன்றம் மாற்றியது: முதல் நோய் இல்லாதிருந்தால் இந்த நிலை இருந்திருக்குமா என்று கேட்டால் போதும் என்றது. சிகிச்சையைத் தடுப்பதும் தொடர்பாகலாம் என்பதற்கு இதுவே வழிகாட்டி.

தொடர்பைச் சொல்லும் மருத்துவக் கடிதத்துக்கு நெக்ஸஸ் லெட்டர் என்று பெயர். வழக்கு வெல்வதும் தோற்பதும் பெரும்பாலும் இங்கேதான். நூற்றுக்கு நூறு உறுதி தேவையில்லை. ஆம், இல்லை என்ற இரண்டு பக்கமும் தராசில் சமமாக நின்றாலே தீர்ப்பு படைவீரர் பக்கம் என்பது சட்டம். அதாவது 50% வாய்ப்பு போதும். ஆனால் ‘இருக்கலாம்’, ‘இருக்கக்கூடும்’ என்று எழுதினால் அது 50-ஐத் தொட்டதாக விஏ எடுத்துக்கொள்ளாது.

கற்பனையாக இரண்டு கடிதங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். முதல் கடிதம்: “நோயாளியின் முதுகுவலிக்கு அவருடைய முழங்கால் காரணமாக இருக்கக்கூடும்.” இரண்டாவது: “கோப்பை முழுவதும் படித்தேன். 2011 அறுவைக்குப் பிறகு வலது காலை இழுத்து நடப்பதாக 2012, 2015, 2018 பிசியோதெரபி குறிப்புகள் சொல்கின்றன. முதுகுவலி முதலில் பதிவானது 2016-இல். அதற்கு முன் முதுகில் அடி ஏதும் இல்லை. சீரற்ற நடை கீழ்முதுகு மூட்டுகளில் ஒருபக்கச் சுமையைக் கூட்டும். எனவே முதுகின் தேய்மானம் முழங்காலால் வந்திருப்பதற்கான வாய்ப்பு 50 சதவீதமாவது உண்டு. அப்படி வராவிட்டாலும், முழங்கால் அதை மோசமாக்கியிருப்பதற்கும் அதே அளவு வாய்ப்பு உண்டு.” முதலாவதை மருத்துவப் பேராசிரியரே எழுதியிருந்தாலும் பயனில்லை. இரண்டாவதை ஒரு சாதாரணக் குடும்ப மருத்துவர் எழுதினாலும் எடை உண்டு. கருத்தின் மதிப்பு அதன் காரண விளக்கத்தில் இருக்கிறது என்று 2008-லேயே நீவ்ஸ்-ரோட்ரிகஸ் வழக்கில் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மனைவி, அண்ணன், உடன் வேலை செய்பவர் எழுதிக்கொடுக்கும் சாட்சிக் கடிதங்களும் செல்லும். காரணத்தை அவர்கள் சொல்ல முடியாது, கண்ணால் கண்டதைச் சொல்லலாம். ‘2013-இலிருந்து நொண்டுகிறார், கடைக்குப் போனால் தள்ளுவண்டியில் சாய்ந்துதான் நடப்பார், மாதம் ஒருமுறையாவது கால் மடங்குகிறது’ என்பது மருத்துவருக்குக் கிடைக்காத தகவல். ‘பாவம், ரொம்பக் கஷ்டப்படுகிறார்’ என்பதால் ஒரு பயனும் இல்லை.

விண்ணப்பித்த பிறகு பரிசோதனைக்கு அழைப்பார்கள். சி அண்ட் பி எக்ஸாம் என்பது அதன் பெயர். பெரும்பாலும் விஏ ஒப்பந்தம் செய்த வெளி மருத்துவர் செய்வார். சிகிச்சைக்காக அல்ல, அளந்து எழுதுவதற்காக. கோணமானியை மூட்டில் வைத்து எவ்வளவு மடங்குகிறது, எங்கே வலி தொடங்குகிறது என்று பார்ப்பார்கள். தானாக மடக்கும்போதும், மருத்துவர் பிடித்து மடக்கும்போதும், பாரம் போட்டும் போடாமலும் அளக்க வேண்டும் என்பது கொரேயா என்பவரின் வழக்கில் 2016-இல் வந்த தீர்ப்பு. வலி உச்சத்தில் இருக்கும் நாட்களில் எப்படி என்றும் கேட்டு எழுத வேண்டும். ராணுவப் பழக்கம் இங்கே காலை வாரிவிடும்: “எப்படி இருக்கீங்க?” என்றதும் “நல்லாத்தான் இருக்கேன் சார்” என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. அதுவும் அறிக்கையில் ஏறும். மிகைப்படுத்தச் சொல்லவில்லை, மோசமான நாள் எப்படியிருக்கும் என்று உள்ளபடி சொன்னால் போதும். அழைத்த நாளில் தகுந்த காரணமின்றிப் போகாவிட்டால், கோப்பில் இருப்பதை வைத்தே முடித்துவிடுவார்கள்.

முழங்காலுக்கான அட்டவணை எவ்வளவு கஞ்சத்தனமானது என்று பார்த்தால், செகண்டரி ஏன் இவ்வளவு பெரிய விஷயமாகிறது என்று விளங்கும். விஏ கணக்கில் ஆரோக்கியமான முழங்கால் 140 பாகை மடங்கும். மடக்குவது 45 பாகையில் நின்றுவிட்டால்தான் 10%. 30-இல் நின்றால் 20%. 15-இல் நின்றால் 30%. நாற்காலியில் உட்காரவே ஏறத்தாழ 90 பாகை வேண்டும். எனவே நாற்காலியில் சரியாக உட்கார முடியாதவருக்கும் அட்டவணைப்படி ஒன்றும் இல்லை. வலியோடு அசையும் மூட்டுக்குக் குறைந்தபட்ச ரேட்டிங் தரச் சொல்லும் தனிவிதியால்தான் அவருக்கு 10% வருகிறது. ஒரே முழங்காலில் மடக்க முடியாமை, நீட்ட முடியாமை, ஆட்டம் ஆகியவற்றுக்குத் தனித்தனி ரேட்டிங் வாங்கலாம். ஒரே தொல்லைக்கு இரண்டு முறை வாங்க முடியாது. மூட்டு மாற்றினால் நான்கு மாதத்துக்கு 100%, பிறகு குறைந்தது 30%.

இப்போது கணக்கு. வலது முழங்கால் 10, இடது முழங்கால் 10, வலது கால் நரம்புவலி 10, முதுகு 20, மனச்சோர்வு 30 என்று ஒருவருக்குக் கிடைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். கூட்டினால் 80. விஏ கூட்டாது; முதல் குறைபாடு போக மிச்சமுள்ள ஆளில்தான் அடுத்ததைக் கழிக்கும். இரண்டு கால்களிலும் குறை இருப்பதால் முதலில் கால் கணக்குகளைச் சேர்க்கிறார்கள்: 10-உம் 10-உம் 19, அதோடு இன்னொரு 10 சேர 27. இருபக்கக் குறைபாட்டுக்காக அதில் பத்தில் ஒரு பங்கு, 2.7, கூடுகிறது, 30 என்று வைத்துக்கொள்ளலாம். மனச்சோர்வின் 30-ஐ மிச்சமுள்ள 70-இல் எடுத்தால் 21, மொத்தம் 51. முதுகின் 20-ஐ மிச்சமுள்ள 49-இல் எடுத்தால் 9.8, மொத்தம் 61. அருகிலுள்ள பத்துக்கு முழுமையாக்கினால் 60%. 2025-இல் இதற்குத் தனி ஆளுக்குக் கிடைத்தது மாதம் 1,395 டாலர் 93 சென்ட். வெறும் முழங்காலோடு நின்றிருந்தால் 175.

இதைப் படித்துவிட்டு உடம்பிலுள்ள எல்லாவற்றையும் முழங்காலில் கட்டித் தொங்கவிட வேண்டாம். பன்னிரண்டு செகண்டரிகளை ஒரே நாளில், ஒரு மருத்துவக் குறிப்பும் இல்லாமல் போடுபவர்கள் இருக்கிறார்கள். பன்னிரண்டு மறுப்புகள் வருகின்றன. சான்று கையிலுள்ள இரண்டு மூன்றை முதலில் போடுவதுதான் கெட்டிக்காரத்தனம்.

தேதி முக்கியம். செகண்டரிக்குப் பணம் தொடங்குவது பொதுவாக விண்ணப்பித்த நாளிலிருந்துதான். முழங்காலுக்கு ரேட்டிங் கிடைத்த பழைய தேதியிலிருந்து இல்லை. மருத்துவக் கடிதம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. விண்ணப்பிக்கப் போகிறேன் என்று 21-0966 படிவத்தில் தெரிவித்துவிட்டால் அந்தத் தேதி ஒரு வருடத்துக்கு உங்களுக்காக நிற்கும். அதற்குள் 21-526ஈஇஸட் என்ற முழு விண்ணப்பத்தைக் கொடுத்தால் போதும். அதில் நோயின் பெயரோடு ‘வலது முழங்காலால் வந்தது அல்லது அதனால் மோசமானது’ என்று இரண்டு வாசலையும் தட்டிவிடுங்கள்.

உதவிக்குக் காசு கொடுக்காதீர்கள். டிஏவி, அமெரிக்கன் லீஜன், விஎஃப்டபிள்யூ போன்ற முன்னாள் படைவீரர் சங்கங்களின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் இலவசமாகச் செய்துகொடுக்கிறார்கள்; பல கவுண்டிகளில் அரசு அலுவலரே இருப்பார். முதல் விண்ணப்பத்தைத் தயாரிக்க யாரும் கட்டணம் வாங்கக் கூடாது என்பது சட்டம். இருந்தும், கூடும் மாதத் தொகையில் பல மடங்கைக் கேட்கும் அங்கீகாரமில்லாத நிறுவனங்கள் விளம்பரத்தோடு திரிகின்றன. வழக்கறிஞர் கட்டணம் வாங்கலாம், முதல் முடிவு வந்த பிறகு. பாக்கித் தொகையில் 20% வரை நியாயம் என்று கருதப்படுகிறது.

மறுத்துவிட்டால் ஒரு வருடம் இருக்கிறது. புதுச் சான்று, உதாரணமாக நல்ல நெக்ஸஸ் லெட்டர், கிடைத்தால் துணைக் கிளெய்ம். சான்று எல்லாம் ஏற்கெனவே கோப்பில் இருந்தும் தவறாகப் படித்தார்கள் என்றால் மூத்த அலுவலரின் மறுஆய்வு. அங்கே புதிதாக எதையும் சேர்க்க முடியாது. மூன்றாவது, நீதிபதி முன் போகும் மேல்முறையீட்டு வாரியம். அங்கே காத்திருப்பு நீளம். 2019 பிப்ரவரி 19 முதல் இந்த மூன்று வழிகளும் இருக்கின்றன. பரிசோதகர் மோசமாக்குதலைத் தொடவே இல்லை என்றால் மறுஆய்வு பொருத்தமானது. மறுஆய்வு அலுவலர் அதைப் பிழையென்று கண்டால் புதிதாக மருத்துவக் கருத்து வாங்கச் சொல்லித் திருப்பி அனுப்புவார். ஒவ்வொரு முடிவுக்குப் பிறகும் ஒரு வருடத்துக்குள் அடுத்ததைப் போட்டுக்கொண்டே போனால் முதல் விண்ணப்பத்தின் தேதி கெடாது. ஒரு வருடம் தாண்டிப்போனாலும் புதுச் சான்றோடு துணைக் கிளெய்ம் போடலாம். ஜெயித்தால் பணம் அந்தப் புது விண்ணப்பத் தேதியிலிருந்துதான் வரும்.